பாதித் தப்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பெண்மணி இருபது நிமிடம் தாமதமாக வந்தார். ஏன் என்று கேட்டேன். மற்றவர்களாக இருந்தால் பஸ் வரவில்லை என்றோ, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோ சொல்லி முடித்திருப்பார்கள். அவர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கொஞ்சம் யோசித்தார்.

"பதினஞ்சு நிமிசம் பஸ்ஸுதுங்க. அஞ்சு நிமிசம் என்னுதுங்க."

பல்லடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி முதலிபாளையம் வர வேண்டும். முதல் பஸ் தாமதம், அதனால் இரண்டாவது பஸ் தவறியது. ஆனால் கிளம்பும்போதே அவர் ஐந்து நிமிடம் பிந்தித்தான் கிளம்பியிருக்கிறார். அதை பஸ்ஸின் தலையில் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. பஸ்ஸின் பதினைந்து நிமிடத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளவும் மனம் வரவில்லை. கடைசியில் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். ஐந்து நிமிடத்துக்கு எப்படித் திட்டுவது என்று தெரியாமல் உட்காரச் சொல்லிவிட்டேன்.

எங்களுடையது சின்ன நிறுவனம். எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் தொடங்கியது. மொத்தம் பதினொரு பேர். டி-சர்ட் தைத்து, கேட்ட வாசகத்தை அச்சடித்து, இணையத்தில் விற்பது. விற்பது எளிது. விற்ற பிறகு வரும் புகார்கள்தான் உயிரை எடுக்கும். பொருள் சரியில்லை என்று வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் கொடுத்தால் போதும், எங்களுக்குப் பணம் வாங்கித் தரும் இடைநிறுவனம் உடனே அந்தத் தொகையை எங்கள் கணக்கிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடும். பிறகு கணினித் திரையில் மூன்று பொத்தான்கள் வரும். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடு, அல்லது ஆதாரம் காட்டிச் சண்டை போடு, அல்லது ஒரு பகுதித் தொகை தருகிறேன் என்று சொல்லிப் பார். அந்தத் திரையைக் கவனித்துக்கொள்ளத்தான் அவரை வேலைக்கு வைத்தேன்.

அதற்கு முன் அவர் பதினெட்டு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையில் நின்றவர். தைத்து வரும் உருப்படிகளைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு குட்டி அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டும் வேலை. மேசையில் மூன்று குவியல் இருக்கும். நல்லது, சரிசெய்யக்கூடியது, கழிவு. உலகத்தில் உள்ள எல்லாமே நடுக் குவியலைச் சேர்ந்ததுதான் என்று அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் முடிவுக்கு வந்திருந்தார்.

எங்களிடம் வந்த பிறகும் அந்த ஸ்டிக்கர் சுருள் அவர் கைப்பையில் இருந்தது. மின்விசிறியின் வளைந்த இறக்கையில் ஒன்று ஒட்டினார். அலுவலகத்துக்கு வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில், 'சுற்றமும் நட்பும்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போன இடத்தில் ஒன்று. நான் கடன் விஷயமாக வங்கி மேலாளரைப் பார்க்கப் போன நாளில் என் சட்டைக் காலருக்குப் பின்னால் நூல் பிரிந்திருக்கிறது போல. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அங்கேயும் ஒன்று ஒட்டிவிட்டார். மேலாளர் அறையிலிருந்து நான் திரும்பி நடந்தபோது பின்னால் அத்தனை பேரும் ஏன் சிரித்தார்கள் என்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. மறுநாள் கோபத்தோடு கேட்டேன். நூல் பிரிந்தது தையல்காரர் தப்பு, கண்ணாடி பார்க்காமல் போட்டது என் தப்பு, வாய்விட்டுச் சொல்லாதது மட்டும் அவர் தப்பு என்று மூன்றாகப் பிரித்துக் கையில் கொடுத்தார்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவரை அக்கா என்றும் கூப்பிட முடியவில்லை, பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்கும் அதே சங்கடம். ஆகவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'ஏனுங்க' என்றே கூப்பிட்டுக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் புருசன் பெண்டாட்டி கூப்பிட்டுக்கொள்கிற விதம் அது. எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். ஒரு நாள் இவருடைய நிஜமான கணவர் கடைக்கு வந்து டீ குடித்தபோதுதான் குழப்பம் தீர்ந்தது.

அந்தக் கணவரைப் பற்றி ஒரு முறை கேட்டேன். முக்கால்வாசி நல்லவருங்க என்றார். மீதிக் கால்வாசியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "அது ஞாயித்துக்கெழமைங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

புகார்களை அவர் கையாண்ட விதத்தில் நான் முதலில் கண்டுபிடித்தது, அவர் ஒருபோதும் முழு ரூபாயில் பேசமாட்டார் என்பது. வாடிக்கையாளர் சட்டை சுருங்கிவிட்டது என்று படம் அனுப்புவார். இவர் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பார். சுடுதண்ணீரில் துவைத்திருக்கிறார், அது அவர் பங்கு. துணியும் கொஞ்சம் மட்டம், அது நம் பங்கு. கடைசியில் எண்பத்து மூன்று ரூபாய் தருகிறோம் என்று எழுதுவார். நூறாகக் கொடுத்து முடித்துவிடலாமே என்பேன்.

"நூறாக் குடுத்தா வாய அடைக்கறதுக்குக் குடுத்த மாதிரி இருக்குமுங்க. எம்பத்து மூணுன்னா, ஆரோ உக்காந்து நம்ம சட்டையப் பாத்திருக்கறாங்கன்னு தெரியுமுங்க."

ஆச்சரியமாக, பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வடக்கே இருந்து ஒருவர் போனில் இந்தியில் கத்தினார். இவருக்கு இந்தி தெரியாது. தையல் பிரிவில் இருந்த பீகார்க்காரப் பெண்ணிடம் நாலே சொல் கேட்டுக்கொண்டு வந்து, "ஆதா ஹம், ஆதா ஆப்" என்று மெதுவாகச் சொன்னார். பாதி நாங்கள், பாதி நீங்கள். கத்தியவர் சிரித்துவிட்டார். புகாரும் முடிந்தது. அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் கம்பெனியில் டீ வாங்குவதிலிருந்து சண்டை போடுவது வரை எல்லாவற்றுக்கும் ஆதா ஹம் ஆதா ஆப்தான்.

இவ்வளவு கேலி செய்கிறேனே தவிர, அவர் இல்லாவிட்டால் நான் கடையை எப்போதோ மூடியிருப்பேன். ஒரு பகுதித் தொகைக்கு வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டால் அது எங்களுக்குத் தோல்வியாகக் கணக்கில் ஏறாது. முழுதாகத் திருப்பிக் கொடுத்தாலோ சண்டையில் தோற்றாலோ ஏறும். நான்கு தோல்வி ஏறினால் வருகிற பணத்தையெல்லாம் மூன்று மாதம் நிறுத்தி வைப்போம் என்று இடைநிறுவனம் எழுதியிருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பே மூன்று ஏறிவிட்டது. இரண்டு அவர் வருவதற்கு முன், ஒன்று நான் அவர் பேச்சைக் கேட்காமல் போட்ட சண்டை. நான்காவது வந்தால் பதினொரு பேருக்கும் போனஸ் இல்லை, ஒருவேளை சம்பளமும் இல்லை. அப்போதுதான் பங்காளிச் சட்டை விவகாரம் வந்தது.

காங்கேயம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கக் குலத்து ஆட்கள் எல்லோரும் கூடுகிறார்கள். நாற்பது டி-சர்ட் கேட்டிருந்தார்கள். இருபத்தைந்தில் நெஞ்சில் 'பங்காளி' என்றும், பதினைந்தில் 'மாப்பிள்ளை' என்றும் அச்சடிக்க வேண்டும். ஒன்று முந்நூற்று நாற்பத்தைந்து ரூபாய். கோயிலில் பெட்டியைப் பிரித்தால் பதினைந்து பங்காளியும் இருபத்தைந்து மாப்பிள்ளையும் இருந்திருக்கின்றன.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய விபரீதம் என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் ஒரே குலம், அண்ணன் தம்பி முறை. மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறவன். பங்காளி ஒருவன் மாப்பிள்ளை என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு தன் குலதெய்வத்தின் முன்னால் நின்றால், தன் தங்கச்சியைக் கட்டிக்கொள்ள வந்தவன் மாதிரி ஆகிவிடும். பத்துப் பேருக்குச் சட்டை இல்லாமல் போனது. ஏற்பாடு செய்த பெரியவர் நாற்பது சட்டையின் முழுப் பணமும் வேண்டும் என்று வங்கியில் புகார் கொடுத்துவிட்டார்.

முப்பது பேர் போட்டுக்கொண்டுதானே கும்பிட்டார்கள், முழுப் பணம் எதற்கு, சண்டை போடுவோம் என்று நான் குதித்தேன். இவர், பெரியவர் முதலில் அனுப்பிய செய்தியையும் நான் எழுதிய ஆர்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செய்தியில் எல்லாம் சரியாக இருந்தது. தாளில் எண்களை இடம் மாற்றி எழுதியிருந்தது நான்.

எனக்கு உடனே இன்னொன்று தோன்றியது. அச்சுக்கு அனுப்பும் முன் ஆர்டர் தாளைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பி, சரிதானே என்று கேட்பது வழக்கம். அது இவர் வேலை. அனுப்பி, பெரியவரும் சரி என்று சொல்லியிருந்தால் தப்பு அவர் தலையிலும் ஏறும், நாம் ஜெயித்துவிடலாம். அனுப்பினீர்களா என்று கேட்டேன். பாக்கறேனுங்க என்றார்.

பிறகு பெரியவர் புகாரோடு இணைத்திருந்த கோயில் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். முப்பது சட்டையை எண்ணி முடித்து, ஓரத்தில் தனியாக நின்ற ஒருவர்மேல் விரலை வைத்தார். அந்தச் சட்டையில் எழுத்தே இல்லை. ஆனால் தோளிலும் பக்கவாட்டிலும் தையல் விளிம்பு வெளியே தெரிந்தது. செக்கிங் மேசையில் நின்ற கண்ணுக்குத்தான் அது தெரியும். அந்த மனிதர் மாப்பிள்ளைச் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

ஆக ஒன்பது சட்டை பெட்டியில் கிடக்கிறது, ஒன்று திருப்பிப் போடப்பட்டு உபயோகத்தில் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். ஒன்பதுக்கு முழுசு, திருப்பிப் போட்டதுக்கு அரை. மொத்தம் மூவாயிரத்து இருநூற்று எழுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பகுதித் தொகையை ஒரே ஒரு தடவைதான் திரையில் அனுப்ப முடியும். வாடிக்கையாளர் மறுத்துவிட்டால் வங்கி தீர்ப்பு சொல்லும். அதனால் அனுப்பும் முன் பெரியவரிடம் போனில் பேசினார். இரண்டு பக்கமும் பத்து நிமிடம் 'ங்க' போட்டுக்கொண்டு எந்த ஊர், யார் வீடு என்றே போனது. கடைசியில் திருப்பிப் போட்டவரைப் பற்றிக் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"அது என்ற தம்பிங்க," என்றார் பெரியவர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது.

நிலத்துப் பங்கு விஷயமாக அண்ணனும் தம்பியும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கோயில் பொங்கலுக்குத்தான் தம்பி வந்திருக்கிறார். கூட்டத்தில் யாரோ அவசரத்தில் அவர் கையில் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் மாப்பிள்ளை. நீ இந்த வீட்டுப் பங்காளி இல்லை, உனக்கு இங்கே பங்கில்லை என்று அண்ணன் சொல்லி அனுப்பியதாக அவர் எடுத்துக்கொண்டார். சட்டையைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு ஓரமாக நின்றுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். கடைக்காரன் செய்த தப்பு என்று அண்ணன் ஆள் விட்டுச் சொல்லியும் நம்பவில்லை.

"பணம் கெடக்குதுங்க. முழுப் பணமும் திரும்பி வந்தாத்தானுங்க தப்பு முழுசும் கடைக்காரங்களுதுன்னு அவனுக்குக் காட்ட முடியும். நீங்க பாதி குடுத்தா, மீதிப் பாதி என்னுதுன்னுதானுங்க அவன் சொல்லுவான்."

போனை வைத்த பிறகு இவர் வேலையே செய்யவில்லை. நான் மறுபடியும் அந்த ஆர்டர் தாள் படத்தைப் பற்றிக் கேட்டேன். எனக்கு அண்ணன் தம்பியும் தெரியவில்லை, குலதெய்வமும் தெரியவில்லை, நான்காவது தோல்விதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவர் அலுவலக போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் காணமுங்க என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். பத்துச் சட்டைக்கும் சேர்த்து மூவாயிரத்து நானூற்று ஐம்பது அனுப்புவது. அந்தத் திருப்பிப் போட்ட சட்டைக்குப் பாதி பிடிக்க இப்போது அவருக்கு மனமில்லை. தொகைக்குக் கீழே வாடிக்கையாளருக்குக் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் எண்களை மாற்றி எழுதியது நான்தான், தப்பு முழுக்க முழுக்க எங்களுடையது, உங்கள் வீட்டார் யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று தமிழில் எழுதி, என் பெயரையும் போடுவது.

பெரியவர் மறுத்துவிட்டால் அந்தக் குறிப்பே எங்களுக்கு எதிரான சாட்சி. வங்கி முழுப் பணத்தையும் அவருக்குக் கொடுத்துவிடும், நான்காவது தோல்வியும் ஏறிவிடும். அதைச் சொன்னேன். தெரியும் என்றார். வாழ்நாளெல்லாம் தப்பைப் பங்கு போட்டுவிட்டு என் விஷயத்தில் மட்டும் என்ன முழுசு என்று குரலை உயர்த்தினேன்.

"பணத்துல பங்கு மட்டும் குடுங்க. தப்ப மட்டும் முழுசா ஒத்துக்கோங்க. அவருக்கு வேணுங்கறது அதுதானுங்க."

ஒரு நாள் முழுக்க முரண்டு பிடித்தேன். மறுநாள் எழுதினேன். என் பெயரை இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறைதான் விட்டுவைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவர் பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை பார்த்தார்.

நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் திரையில் ஒரு பச்சை வரி வந்தது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். தையல் பிரிவு வரைக்கும் கேட்கும்படி நான் கைதட்டினேன். அவர் அடுத்த புகாரைத் திறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் அந்தத் தம்பி. என் குறிப்பை அண்ணன் அனுப்பியிருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்.

"அது நெசமாலுமே நீங்க எழுதுனதுங்களா, எங்கண்ணன் சொல்லி எழுதுனதுங்களா?"

நான்தான் எழுதினேன், எண்ணை மாற்றியதும் நான்தான், உங்கள் அண்ணன் சரியாகத்தான் கேட்டிருந்தார் என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு குறைச்சலும் தோன்றவில்லை, சந்தோஷமாகவே இருந்தது. அவர், எக்ஸ்எல் அளவில் ஒரு பங்காளிச் சட்டை கிடைக்குமா என்றார். இலவசமாகவே அனுப்புகிறேன் என்று நான் சொல்லத் தொடங்கியதுமே எதிர் மேசையிலிருந்து இவர் கையைக் காட்டினார். சட்டை நம்முடையது, கூரியர் செலவு அவருடையது. அப்படித்தான் அனுப்பினோம்.

அதற்கு அடுத்த வருடம் இவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். பல்லடத்திலேயே நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு செக்கிங் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறார். இப்போது புகார்த் திரையை நானே பார்க்கிறேன். நூறு நூறாகத்தான் கொடுக்கிறேன், மூன்றில் ஒருவர்கூட ஒத்துக்கொள்வதில்லை.

போன மாதம் அலுவலகத்தின் பழைய போனை மாற்ற வேண்டி வந்தது. பழைய உரையாடல்களைப் புது போனுக்குக் கொண்டுவரும்போது அந்தப் பெரியவரின் பெயர் கண்ணில் பட்டது. திறந்தேன். என் ஆர்டர் தாளின் படம் இருந்தது. என் கோழிக்கிறுக்கலில் பங்காளி பதினைந்து, மாப்பிள்ளை இருபத்தைந்து. கீழே, சரி பார்த்துச் சொல்லுங்க என்று இவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே பெரியவர், 'சரிங்க, அச்சடிச்சுருங்க' என்று எழுதியிருந்தார்.

இந்த ஒரு படம் போதும். ஒரு ரூபாய் கொடுக்காமல் ஜெயித்திருக்கலாம், என் பெயரை எங்கேயும் போட்டிருக்க வேண்டாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்போதே இவருக்குப் போன் போட்டேன். பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. படத்தைப் பார்த்துவிட்டேன், காணோம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னீர்களே என்றேன்.

"இருந்துச்சுங்க," என்றார். "அத அனுப்பீருந்தா, அண்ணனே சரின்னு சொன்னது அந்தத் தம்பி கைக்கும் போயிருக்குமுங்க."

என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பெரியவருக்கு அந்தப் படம் ஞாபகம் இருந்ததா, தெரிந்தேதான் முழுப் பணம் கேட்டாரா என்றெல்லாம் கேட்க நினைத்து விட்டுவிட்டேன். சும்மா விடவும் மனம் வரவில்லை. பழைய கேலிக் குரலை வரவழைத்துக்கொண்டு, சரி, என்னிடம் பொய் சொன்னதில் உங்கள் பங்கு எவ்வளவு, பெரியவர் பங்கு எவ்வளவு, பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். அரை, கால் என்று ஏதாவது வரும், சிரித்துவிட்டு வைத்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

"அதுல ஆருக்கும் பங்கில்லீங்க," என்றார். "அது முழுசும் என்னுதுங்க."